நான்காம் மூலையில் நீல வாளி

அக்காவுக்குச் சந்தேகம் வந்தால் மூக்கு அரிக்கும். போன வாரம் தங்கை, "புதுக் கூடத்துல நாலாவது மூலையை மட்டும் துணி போட்டு மூடியிருக்கேன், திறப்பு விழா அன்னிக்குத்தான் நீ பாக்கணும்" என்று கண்ணைச் சிமிட்டியபோதே அது அரித்திருக்க வேண்டும். அரிக்கவில்லை. வெளியூர் வேலையில் அலைந்து திரும்பிய களைப்பு ஒரு பக்கம், கூடப்பிறந்தவள் மேல் வைத்த நம்பிக்கை ஒரு பக்கம். மூக்கும் பாவம், என்னதான் செய்யும்?

சனிக்கிழமை காலை. அன்றைக்குத்தான் திறப்பு விழா. பின்பக்க பால்கனியில், துணி துவைக்கும் மெஷினுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட நீல வாளியின் மேல் உட்கார்ந்து அக்கா காபி குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் காலைக் காபி அந்த வாளி மேல்தான். என்றைக்கோ மறதியாக அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டதில், அடிப்பக்கத்தில் ஒரு தடம் உருகிப் பதிந்திருந்தது. அதோடு சேர்த்துத்தான் அவளுக்கு அந்த வாளி.

காபி முடிந்து எழுந்தபோது பேன்ட்டின் நூல் ஒன்று வாளியில் மாட்டி இழுத்தது.

"என்னங்க இது, வாளி குத்துது?"

"பிளாஸ்டிக்தானே, வெயில்ல கிடந்து சிலும்பியிருக்கும்" என்றார் உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவர் வாத்தியார்.

"கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் வருதே! பிள்ளைங்ககிட்டயும் இப்படித்தானா?"

வாத்தியார் சிரித்தார். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது. அப்போதும் அந்த மூக்கு அரிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். அதன் பின்புறம், மேலே மாடி இல்லாமல் நீட்டிக் கட்டிய கீழ்த்தளக் கூடம் இருட்டிக் கிடந்தது. ஓட்டை சைக்கிளும் உடைந்த கட்டிலும் போட்டுவைக்கிற இடம். அங்கே குடியிருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் லிஃப்டுக்குள் மட்டுமே பார்த்து, லிஃப்டுக்குள்ளேயே மறந்துவிடுகிறவர்கள். அந்தக் கூடத்தை எல்லோருக்குமான ஒரு பொது அறையாக மாற்றும் வேலைதான் அக்கா தங்கை இருவருக்கும் வந்திருந்தது. உள்ளலங்காரத் தொழிலில் அக்கா கை, தங்கை வாய். கை வரையும், வாய் பேசி வேலையை வாங்கிவரும்.

அக்காவின் வழி தனி வழி. கோடு போடுவதற்கு முன்னால் சும்மா போய் உட்கார்ந்துவிடுவாள். யார் எங்கே நின்று போன் பேசுகிறார்கள், யார் யாரைக் கண்டதும் படி மாறுகிறார்கள், வீட்டில் சண்டை போட்ட மனிதர் எந்தத் தூணில் வந்து சாய்கிறார் என்று பார்ப்பாள். பிறகுதான் பென்சில். "முதுகுக்கு ஒரு சுவர், கண்ணுக்கு ஒரு வெளி. இது ரெண்டும் இருந்தா மனுஷன் எங்கேயும் உட்காருவான்" என்பாள்.

அந்தக் கூடத்திலும் அப்படித்தான் செய்திருந்தாள். கூரையைத் திறந்து கண்ணாடி போட்டு வெளிச்சத்தை நடுவில் இறக்கினாள். வெளிச்சத்தின் கீழே நீள மேசை; ஊர் வம்பு பேச அது போதும். அதற்கு அடுத்து மர பெஞ்சுகள், இருவர் பேச. கல் சுவரில் தண்ணீர் வழியவிட்டாள். பார்ப்பவர்கள் அழகுக்கு என்று நினைத்தார்கள். இருவர் பேசுவது மூன்றாம் ஆள் காதில் விழாமல் அந்தச் சத்தம் மறைக்கும் என்பதுதான் அவள் கணக்கு. அதையும் தாண்டிப் போனால் பெரணியும் பாம்புச் செடியும் அடர்ந்த மூலைகள், தனியாக இருக்க. வாசலில் பொதுவாகத் தொடங்குகிற இடம், உள்ளே போகப்போக இலை இலையாக மூடிக்கொண்டு வரும். கதவே கிடையாது.

நான்காம் மூலையை மட்டும் காலியாக விடச் சொல்லியிருந்தாள். காரணம் இருந்தது. மேல்மாடியில் ஓர் அம்மா. கீழே இறங்குவதே இல்லை. கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவார். அக்கா உட்கார்ந்து பார்த்த நாளெல்லாம் பார்த்தது அந்தக் கூடையைத்தான், ஆளை இல்லை.

"அந்தக் கூடைக்காரம்மா என்னைக்காவது இறங்கி வந்தா, அங்க என்ன வேணும்னு அவங்களே சொல்லட்டும். நீ ஒண்ணும் வைக்காதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியூர் போனாள்.

தங்கை தலையை ஆட்டினாள். ஆட்டுகிற தலையெல்லாம் கேட்கிற தலை ஆகிவிடுமா?

திறப்பு விழாவுக்குக் கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரிப்பனை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தங்கை ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. இந்தக் கூடத்தோட உயிரே இங்கதான் இருக்கு."

துணியை இழுத்தாள்.

பெரணிகளுக்கு நடுவே வளைவாக நீல ஸ்டூல்கள். கவிழ்த்துப் போட்ட வாளியின் வடிவில். மேலே ஒரு சின்ன மரப்பலகை: *இலைக்குள்ளே*.

அக்கா பலகையை இரண்டாம் முறை படித்தாள்.

அந்த வார்த்தை எந்த அகராதியிலும் இல்லை. அவர்கள் சின்னவர்களாக இருந்தபோது, குடியிருந்த வீட்டின் மாடிப்படி வளைவில் பெரிய இலைச் செடி ஒன்று இருந்தது. கோபமோ அழுகையோ வந்தால் அதன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "நான் இலைக்குள்ள இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போதும். உள்ளே போனவள் தானாக வெளியே வரும்வரை யாரும் பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது, என்ன ஏது என்று கேட்கக்கூடாது. அம்மாகூட அந்தச் சட்டத்தை மீறியதில்லை. உலகத்தில் மொத்தமே நான்கைந்து பேருக்குத் தெரிந்த வார்த்தை. அது இப்போது பலகையில் எழுதப்பட்டுத் தொங்கியது.

தங்கை பேசிக்கொண்டே போனாள். "ஒரு பொண்ணு இருந்தா. பேரு வேண்டாம். திடீர்னு ஒருநாள் அவளால வீட்டு வாசலைத் தாண்ட முடியல. படியில காலை வெச்சா நெஞ்சு அடைக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க அவ பால்கனியில, செடிகளுக்கு நடுவுல, ஒரு நீல வாளி மேலயே உட்கார்ந்திருந்தா. முதுகுக்குச் சுவர். கண்ணுக்கு இலை. தூரத்துல தெரு ஜனங்க குரல். அப்படியே கொஞ்சம் கொஞ்சமா அவ வெளிய வந்தா. அந்த வாளிதான் இந்த மூலை. இங்க வந்து 'நான் இலைக்குள்ள இருக்கேன்'னு சொல்லிட்டா, யாரும் எதுவும் கேக்கக்கூடாது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

அந்தப் பெண் யாரென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கூட்டத்துக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் முன்வரிசையில் நின்ற வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னொருத்தருக்குத் தாவியது. ஊர் வாயை மூடத்தான் உலைமூடி இல்லை. ஊர்க் கண்ணுக்கு ஏது மூடி?

மின்சார மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்த சின்ன அறைக்குள் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் அக்கா.

"யாருடி சொன்னது உனக்கு?"

"அக்கா, பேரு சொல்லலையே நான்..."

"பேரு சொல்லல. வாளியைச் சொன்னே. மழையைச் சொன்னே. நெஞ்சு அடைச்சதைச் சொன்னே. இன்னும் என்ன பாக்கி, ரேஷன் கார்டா? யாரு சொன்னதுன்னு கேட்டேன்."

தங்கை தரையைப் பார்த்தாள். கேள்விக்கு அதுவே பதில். அந்த மழைக்காலத்தில் அவள் வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரிந்த ஒரே ஆள் வாத்தியார்தான்.

"மாமாவைத் திட்டாதே. அவரா வந்து சொல்லல, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்" என்றவள், சட்டென்று நிமிர்ந்தாள். "நீ மட்டும் என்ன செஞ்சே? வாராவாரம் போன் பண்ணி 'வகுப்பு எப்படிக்கா போகுது'ன்னு பைத்தியக்காரி மாதிரி கேட்டேன். 'நல்லா போகுது'ன்னு சொன்னியே! எனக்குக்கூட சொல்லக்கூடாதா? நான் யாரோவா?"

அது நியாயமான கேள்விதான். அக்காவுக்கும் அது உறைத்தது. உறைத்ததால் கோபம் குறையவில்லை, கூடியது.

"சொல்லாதது என் தப்புன்னா என்னைக் கேளு. வீட்டுக்கு வந்து கத்து. மைக்கை வெச்சுக்கிட்டா கேப்பே?"

"அந்த வார்த்தை எனக்கும் பாதி சொந்தம்கா."

"பாதி உன்னுது. என் பாதியையும் சேர்த்துல்ல பலகையில எழுதித் தொங்க விட்டுட்டே!"

கதவில் தட்டும் சத்தம். செயலாளரும், அவரோடு வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்த ஒரு பெண்மணியும். ஒரு மருத்துவமனையின் நிர்வாகி.

"ரொம்ப நல்லா பேசினீங்கம்மா" என்றார் அவர் தங்கையிடம். "எங்க நோயாளிங்க காத்திருக்கிற கூடத்தையும் உங்ககிட்டயே தர்றதா முடிவு பண்ணிட்டோம். அப்ப, செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துருவீங்கல்ல? எங்க டாக்டர்ங்க முன்னாடி அவங்க வாயாலயே கேக்கணும்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க, கண்டிப்பா கூட்டிட்டு வர்றேன்னு?" என்று நிர்வாகி அப்பாவியாகக் கேட்டார்.

"ஆமா... பேசிட்டு சொல்றேன் மேடம்."

அவர்கள் போனதும் தங்கை அவசரமாகச் சொன்னாள். "அக்கா, எவ்வளவு பெரிய வேலை! அந்த மாதிரி இடத்துலதான் நம்ம கூடம் நிஜமா தேவை. நீயே யோசிச்சுப் பாரு. இதுல பொய் ஒண்ணும் இல்லையே. ஸ்டூல் எல்லாம் அச்சு எடுத்துச் செஞ்சது. ஓரத்துல இருக்கறது உன் நிஜ வாளியேதான். மாமாதான் எடுத்துக் குடுத்தார்."

"உளறாதே. வாளி வீட்டுல இருக்கு. காலையிலகூட அது மேலதான் உட்கார்ந்து..."

அக்கா பாதியில் நிறுத்தினாள். கை தானாகப் பேன்ட்டில் இழுபட்டிருந்த நூலைத் தொட்டது.

இப்போது மூக்கு அரித்தது. என்ன பிரயோஜனம்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள். வாளி காலையில் இருந்த இடத்திலேயே கவிழ்ந்திருந்தது. அதே நீலம். முதுகில் அதே தடம். குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

அவர்களிடம் முன்பு இருந்த இஸ்திரிப் பெட்டி கனமானது, உருண்டை மூக்கு. அன்றைக்கு வாளியைச் சுட்டது அதுதான். அது பழுதாகிப் போய், போன வருஷம் புதுப்பெட்டி வாங்கினார்கள். புதியதற்குக் கூர் மூக்கு.

அலமாரியிலிருந்து புதுப்பெட்டியை எடுத்துவந்து, அந்தத் தடத்தின் மேல் வைத்தாள். காலுக்குச் செருப்பு மாதிரி சரியாகப் பொருந்தியது.

அவள் சிரித்துவிட்டாள். வயிறு எரிகிறபோது சில சமயம் சிரிப்புத்தான் வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். பூசணிக்காயை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் வேறு பூசணிக்காயை வைத்து, அதில் பழைய கீறலையும் போட்டுவைக்கிற ஆளோடு குடித்தனம் நடத்துகிறோம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னாலேயே ஓடிவந்த வாத்தியார் பால்கனி வாசலில் மூச்சு வாங்க நின்றார். வாளியையும் அதன் மேல் இருந்த பெட்டியையும் பார்த்தார்.

"பயப்படாதீங்க, சூடு இல்ல" என்றாள் அக்கா.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"சொல்லுங்க. கேக்கத்தானே நிக்கிறேன்."

வாத்தியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மழைக்காலம் முழுக்க நீ உள்ள இருந்தே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உட்கார்ந்திருந்தேன். நீ செடியைப் பார்த்தே, நான் கதவைப் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டே. பள்ளிக்கூடத்துல சிரிச்சேன், கடையில சிரிச்சேன், உன் தங்கச்சி போன்ல கேட்டா 'வகுப்புல இருக்கா'ன்னு சிரிச்சேன். எனக்கும் நெஞ்சு அடைக்கும்ல? ஒருநாள் அவ கேட்டா. கொட்டிட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் அங்கே இருந்ததால்தான் அவள் எழுந்து வந்தாள். அதை அவள் மறந்ததே இல்லை.

"பாரம் தாங்காம சொல்லிட்டீங்க. சரி. அதுக்கு நான் என்ன கோவப்பட முடியும்? மனுஷன்தானே" என்றாள். பிறகு பெட்டியைத் தூக்கித் தடத்தைக் காட்டினாள். "இதை எந்தப் பாரம் தாங்காம சுட்டீங்க?"

வாத்தியார் பெட்டியின் கூர் மூக்கைப் பார்த்தார்.

"நான் ஊர்ல இல்லாத நாள் பார்த்து, கடைக்குப் போயி, இதே நீலம் தேடி வாங்கி, பெட்டியைச் சூடு பண்ணி, இங்க உட்கார்ந்து, மெதுவா, அளவு பார்த்து சுட்டிருக்கீங்க. அப்போ ஒரு நிமிஷம்கூட தோணலையா, ஒரு போன் போட்டு இவகிட்ட கேட்டா என்னன்னு?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா."

தினமும் காலையில், தன்னை மீட்டுக்கொடுத்த வாளி என்று நினைத்து, ஏமாற்று வாளியின் மேல் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள். அந்தக் காபியைக் கலந்து கொடுத்ததும் அவர்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழப்போகிற இடம் இனி இந்தப் பால்கனி இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது.

"என் வாளி எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

கூடத்தில் கூட்டம் கலைந்திருந்தது. நீள மேசை மேல் காகிதக் கோப்பைகள். கூரைக் கண்ணாடி வழியே பிற்பகல் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை தனியாக நின்று மூடுதுணியை மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் மடிப்பதை நிறுத்தினாள்.

அக்கா அவளைப் பார்க்காமல் நேராக நான்காம் மூலைக்குப் போனாள். பெரணியை விலக்கினாள்.

ஓரத்து வாளியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்த முதுகு. நரைத்த கூந்தல் பின்னாமல் கிடந்தது. காலில் வீட்டுக்குள் போடும் செருப்பு. பக்கத்தில், தரையில், கயிறு சுற்றிவைத்த ஒரு கூடை.

மேல்மாடி அம்மா இறங்கி வந்திருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டதும் அவர் தோள் குறுகியது. முகத்தைத் திருப்பாமல், மேலே தொங்கிய பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேசிப் பழக்கம் விட்டுப்போன குரலில், எழுத்துக் கூட்டுவது போலச் சொன்னார்.

"நான்... இலைக்குள்ள இருக்கேன்மா."

அக்காவின் கை அப்படியே நின்றது.

தன் வாளிதான். தன் வார்த்தைதான். தன்னைக் கேட்காமல் எடுத்ததுதான். ஆனால் சொன்னவர் உள்ளே இருக்கிறார். உள்ளே இருக்கிறவரிடம் பேசக்கூடாது, எழுந்திருங்கள் என்று சொல்லக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தானே!

விலக்கிய இலையைச் சத்தமில்லாமல் திரும்ப விட்டாள். பின்னுக்கு நடந்து, தண்ணீர்ச் சுவரைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, நீள மேசைக்குப் பக்கத்தில் வெளிச்சத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

தங்கை ஓடிவந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, பாத்தியா? இறங்கி வந்துட்டாங்க. யாரும் கூப்பிடல, அவங்களாவே! நீ கேட்டதும் இதைத்தானே? இப்பவாவது சொல்லு, நான் செஞ்சது தப்பா? செவ்வாய்க்கிழமை நாம ரெண்டு பேரும் சேர்ந்து போயி..."

அக்கா அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். சின்ன வயதில் மாடிப்படி வளைவில் காத்துக்கொண்டு நின்ற அதே முகம்.

"நான் இலைக்குள்ள இருக்கேன்" என்றாள்.

சுற்றிலும் ஓர் இலை இல்லை. கூடத்திலேயே அதிக வெளிச்சம் விழுகிற இடத்தில், நட்ட நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்.

தங்கை திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் சட்டம் தெரியும். கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் அந்த மருத்துவமனை நிர்வாகியின் எண். எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், தங்கை அக்காவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.